சேஃப்டி வால்வுக்குள் இரண்டு வாஷர்

ராத்திரி பதினொன்றே முக்கால். ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற ரோடு. இப்போது இருக்கிற அகல ரோட்டை நினைத்துக்கொள்ளாதீர்கள், நான் சொல்வது தொண்ணூற்று ஒன்றாம் வருஷம். இரண்டு லாரி எதிரெதிரே வந்தால் ஒன்று மண்ணில் இறங்க வேண்டும். ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் சீமைக் கருவேலம். ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது... தவளைச் சத்தம் காதைப் பிளந்தது. அந்த ரோட்டில் ஒரே ஒரு வண்டி. டி.வி.எஸ். ஃபிப்டி. அதில் முனிரத்தினம்.

நம்ம கம்பெனி லைனில் வேலை பார்க்கிறானே ஸ்ரீதர், அவனுடைய சித்தப்பா. பம்பு மெக்கானிக். சிரிக்காதே பாபு, நானும் முதலில் சிரித்தவன்தான். கிட்டே வந்து உட்காருங்கள் எல்லோரும். கத்திக் கத்திச் சொல்ல என்னால் ஆகாது.

அவர் போய்க்கொண்டிருந்தது பரசுராமனின் வாட்டர் சர்வீஸுக்கு. பஸ், லாரி கழுவுகிற இடம். தகரக் கொட்டகை, நடுவில் சிமென்ட் மேடை, மூலையில் தண்ணீரை அழுத்திப் பீய்ச்சுகிற பிரஷர் மெஷின். சாயங்காலம் பரசுராமன் ஆள் அனுப்பியிருந்தார். "மெஷின் ஒழுவுது. ஆறு கம்பெனி பஸ்சு நிக்குது, காலைல அஞ்சுக்குள்ள கழுவி ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு அனுப்பணும். நீ வரலைன்னா பூந்தமல்லிலேர்ந்து வேற மெக்கானிக்கக் கூட்டியாறேன்."

வேற மெக்கானிக் என்றதும் எழுந்துவிட்டார் முனிரத்தினம். மூன்று மாசமாக அந்தக் கொட்டகைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஏனென்றால் வருகிறவன் எவனாக இருந்தாலும் முதலில் சேஃப்டி வால்வைத்தான் கழற்றுவான். கழற்றினால் உள்ளே இருப்பதைப் பார்த்துவிடுவான்.

உள்ளே என்ன? இரண்டு வாஷர். அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு வாஷர் ஒரு ஆளைத் தின்றிருந்தது.

மூன்று மாசம் முன்னால் அந்த வால்வு சொட்டிக்கொண்டே இருந்தது. அழுத்தம் எல்லை மீறினால் தண்ணீரை வெளியே விடுவதுதான் அதன் வேலை. தேய்ந்துபோனதால் எந்நேரமும் விட்டது. புது வால்வு கோயம்புத்தூரிலிருந்து வர நாலு நாள் ஆகும். பரசுராமன் தலைமேல் நின்று கத்தினார். முனிரத்தினம் ஸ்ப்ரிங்குக்கு அடியில் இரண்டு வாஷரைக் கொடுத்து இறுக்கினார். சொட்டு நின்றது. பிரஷர் சும்மா இருக்குமா? வேறு வழி தேடியது. ரப்பர் ஹோஸில் எங்கேயோ கண்ணுக்குத் தெரியாமல் கீறல் விட்டு, புகை மாதிரி பீய்ச்ச ஆரம்பித்தது.

அங்கே வண்டி கழுவுகிற ஆள் பகலவன். பிள்ளைப்பாக்கத்துக்காரன், கல்யாணமாகி இரண்டு வருஷம், பெண்டாட்டி செந்தாமரை. "எங்கண்ணா ஒழுவுது, தெரியலியே?" என்று கேட்டான். முனிரத்தினம் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார், "ஹோஸ் மேல கையை ஓட்டிப் பாருடா."

ஓட்டினான். "ஸ்ஸ்..." என்று கையை உதறினான்.

ஆள்காட்டி விரலடியில் ஊசிமுனை அளவு ஒரு ஓட்டை. ரத்தம்கூட இல்லை. எறும்பு கடித்துவிட்டது என்று சுற்றி இருந்தவர்கள் கேலி செய்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் உள்ளே போனது சோப்பும் டீசலும் கலந்த தண்ணீர். ராத்திரிக்குள் கை பூரி மாதிரி உப்பிவிட்டது. முனிரத்தினம்தான் வண்டியில் உட்காரவைத்து கிளினிக்குக் கூட்டிப்போனார். டாக்டர், "என்ன குத்துச்சு?" என்று கேட்டார். பகலவன் வாயைத் திறப்பதற்குள் முனிரத்தினம் முந்திக்கொண்டார். "முள்ளுக்கம்பி சார்."

முள்ளுக்கம்பிக்கு என்ன வைத்தியமோ அதைச் செய்தார் டாக்டர். ஒரு ஊசி, நாலு மாத்திரை.

வெளியே வந்ததும் பகலவன் கேட்டான். "ஏண்ணா அப்படிச் சொன்ன?" மெஷின் என்றால் போலீஸ் கேஸாகும், ஓனர் இரண்டு பேரையும் துரத்திவிடுவார் என்றார் இவர். "சரிண்ணா. நீ சொன்னா சரி," என்றான் அவன். நாலாம் நாள் கை கறுத்தது. மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நாள் முடிந்துபோனான்.

பாவி மனுஷன், பிணத்தை எடுத்ததிலிருந்து காரியம் முடித்தது வரைக்கும் கூடவே நின்றார். செந்தாமரை அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடுதான் அவரைத் தூங்கவிடவில்லை. வாஷர் ஒரு குற்றம், முள்ளுக்கம்பி ஒரு குற்றம். மூன்றாவதாக ஒன்று இருந்தது, அதை அவர் தனக்குத் தானேகூடச் சொல்லிக்கொள்ள மாட்டார். கோயம்புத்தூர் பம்பு கம்பெனியில் ட்ரெயினிங் எடுத்தபோது முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கசிவைத் தேட அட்டையை நீட்டு, கையை நீட்டாதே, தோலைக் கிழித்து உள்ளே போகும் என்று. அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் "கையை ஓட்டிப் பாருடா" என்றார். அட்டை தேட அன்றைக்குச் சோம்பல்.

சரி, கதைக்கு வருவோம்.

கொட்டகையில் யாரும் இல்லை. பரசுராமன் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஒரே குண்டு பல்பு. ஆறு பஸ்ஸும் சேறும் சகதியுமாக நின்றன. முனிரத்தினம் நேராகப் போய் சேஃப்டி வால்வைக் கழற்றினார். இரண்டு வாஷரும் துருப்பிடித்து ஒட்டிக்கிடந்தன. எடுத்து வெளியே ஏரிப் பக்கம் வீசினார். ப்ளக்... ப்ளக். அப்பாடா என்று இருந்தது. அப்போது வந்தும் மாட்டாமல் பெட்டியிலேயே கிடந்த புது வால்வை மாட்டி, மெஷினைப் போட்டார்.

டொக்... டொக்... டொக்...

எங்கேயோ சொட்டியது. நிறுத்தி, தண்ணீர் இழுக்கிற வால்வு மூன்றையும் கழற்றினார். சுத்தமாக இருந்தன. தண்ணீர் தள்ளுகிற வால்வு மூன்று. ரப்பர் வளையம் ஆறையும் மாற்றினார். போட்டார். டொக். ஹோஸ் நுனியில் பீய்ச்சுகிற கன்னுக்குள் இருக்கிற வால்வை மாற்றினார். டொக். மணி ஒன்றரை. எரிச்சலில் மெயினையே அணைத்தார். மோட்டார் நின்றது, பெல்ட் நின்றது, பிரஷர் கேஜில் முள் பூஜ்யத்துக்கு இறங்கியது. தொட்டித் தண்ணீரையும் திறந்துவிட்டு ஹோஸை உதறினார். ஒரு சொட்டு இல்லை.

டொக்... டொக்...

டார்ச்சை அடித்து மெஷினுக்கு அடியில் பார்த்தார். தரை காய்ந்து கிடந்தது. அப்போதுதான் அந்த நாற்றம். டீசல் இல்லை, சோப்பு இல்லை... டெட்டாலும் அதற்கு அடியில் அழுகினதும். ஆஸ்பத்திரி வார்டில் ஒன்பதாம் நாள் வரைக்கும் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அதே நாற்றம்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? ஆயில் டப்பா வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்தார். ஒரு துண்டை எடுத்து ஹோஸ் ஓரமாக மெதுவாக நகர்த்தினார். ஆமாம், இந்தத் தடவை அட்டை. ஒரு முழம்... இரண்டு முழம்... மூன்றாவது முழத்தில் 'பிட்' என்று ஒரு சத்தம். அட்டையில் ஊசிமுனை அளவு ஓட்டை. கரண்ட் இல்லாத மெஷின், தண்ணீர் இல்லாத ஹோஸ்.

அட்டையைக் கீழே போட்டார். பஸ் வரிசைக்குப் பின்னாலிருந்து, இருட்டிலிருந்து, சாதாரணமாகக் கேட்டது குரல்.

"கையை ஓட்டிப் பாருண்ணா."

முனிரத்தினம் அப்படியே சிமென்ட் மேடையில் உட்கார்ந்துவிட்டார். அழுதார். "டேய், வாஷர் வெச்சது நான்தான்டா. முள்ளுக்கம்பின்னு பொய் சொன்னதும் நான்தான்டா. என்னை மன்னிச்சுடுறா." சொட்டு கொஞ்சம் தாமதித்தது. டொக்... ரொம்ப நேரம் கழித்து, டொக்... யாரோ காத்திருக்கிற மாதிரி. இன்னும் என்ன வேண்டும் அவனுக்கு என்று இவருக்குத் தெரியும். நாக்கு வரைக்கும் வந்தது. வாய் திறக்கவில்லை. "காலைல போயி செந்தாமரை கைலயே சொல்லிடுறேன்டா," என்று மட்டும் சொல்லிவிட்டு, பெட்டியைக்கூட எடுக்காமல் வண்டியை மிதித்தார். பஸ் ஆறும் கழுவாமலே நின்றன.

ஏரிக்கரையில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு, பிள்ளைப்பாக்கம் போய்ச் சேரும்போது கிழக்கு வெளுத்திருந்தது. வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள் செந்தாமரை. இவரைப் பார்த்து ஆச்சரியமே படவில்லை. வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

முனிரத்தினம் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். வால்வுக்குள் வாஷர் வைத்ததைச் சொன்னார். கிளினிக்கில் பொய் சொன்னதைச் சொன்னார். உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே கையைத் திறந்து கழுவியிருப்பார்கள், உயிர் தங்கியிருக்கும் என்றும் சொன்னார். அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீதி?" என்றாள்.

"மீதியா... இன்னாம்மா மீதி? அவ்ளோதான்."

"பாதிதான் சொல்லுவீங்கன்னு சொன்னாரு."

"யாரும்மா சொன்னது?"

செந்தாமரை நகர்ந்து நின்று, கதவை அகலத் திறந்துவிட்டாள். உள்ளே இன்னும் விளக்கு போடவில்லை. தரையில் பாய் விரித்திருந்தது. பாய்க்கு முன்னால் ஒரு டம்ளர் காபி, யாரும் தொடாமல் மேலே ஆடை படிந்து.

"உள்ள வாங்கண்ணா," என்றாள், குரலைத் தாழ்த்தி. "ரெண்டு மணிலேர்ந்து உங்களுக்காவத்தான் குந்திகினு கீறாரு."