முதலாளி ஏறிய ஏணி

ஏணியைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று, விளம்பரம் எழுதும் வேலைக்கு நான் சேர்ந்த அன்றே என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். இரண்டு கால், குறுக்கே படி, முடிந்தது ஏணி. ஆனாலும் பதினொரு வருடம் எழுதியிருக்கிறேன், சார்.

இந்த வாக்குமூலத்தை உங்கள் ஸ்டேஷன் எழுத்தர் எழுதட்டும் என்றீர்கள். தங்கமான மனிதர். ஆனால் ஒரு வாக்கியத்தை எங்கே நிறுத்துவது என்று அவருக்குப் பிடிபடவில்லை. அதனால் பேனாவை நானே வாங்கிக்கொண்டேன். அவர் கோபித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் சேர்ந்தபோது நாலு ஏணிக் கம்பெனிகள் இருந்தன. நாலும் ஒரே அலுமினியம், ஒரே ரப்பர். எங்களுடையதை எதற்கு வாங்க வேண்டும் என்று எங்கள் ஆட்களுக்கே தெரியாது. சோதனைக் கூடத்தில் புது மாடல் ஒவ்வொன்றின் மேலும் மணல் மூட்டை ஏற்றி ஒரு நாள் முழுக்க நிறுத்தி வைப்பார்கள். மணல் மூட்டையை வைத்து என்ன கதை சொல்வது? ஒரு மத்தியானம் முதலாளி அங்கே வந்து, ஏணியைத் தடவிக்கொண்டே அண்ணாந்து பார்த்தபடி நின்றார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. சாப்பாட்டை மறந்து ஒரே ஒரு வரி எழுதினேன்: ‘எங்கள் முதலாளி ஏறிப் பார்க்காத ஏணி இந்த வாசலைத் தாண்டாது.’

வரி பிய்த்துக்கொண்டு போயிற்று. பெட்டியின் மேல், லாரியின் மேல், எங்கே பார்த்தாலும் அதுதான். வணிகக் கல்லூரிகளில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். ‘தலைவன் முதலில் ஏறுவான்’ என்பது தலைப்பு. பிள்ளைகள் எழுந்து நின்று கை தட்டுவார்கள். ஒரு பெண் அழுதேவிட்டாள். வீடு வந்து சேரும்வரை எனக்குக் கால் தரையில் பாவாது. ஒவ்வொரு கூட்டத்திலும் கதை கொஞ்சம் வளரும். மழையில் ஏறினார். காய்ச்சலோடு ஏறினார். மகள் கல்யாணத்தன்று புதுச்சட்டை கசங்காமல் வந்து ஏறிவிட்டுப் போனார்.

இதில் ஒரு சின்னச் சங்கடம் இருந்தது. முதலாளி தான் செய்த ஏணி ஒன்றில்கூட ஏறியதில்லை. உயரம் என்றாலே அவருக்குத் தலை சுற்றும். பல்ப் மாற்ற வாட்ச்மேனைக் கூப்பிடுவார். இருபது வயதில் சுவருக்குப் பெயின்ட் அடிக்க மேஜை மேல் நாற்காலி போட்டு ஏறி, விழுந்து, எட்டு மாதம் படுக்கையில் கிடந்தாராம். இனி ஒருத்தரும் இப்படி விழக்கூடாது என்றுதான் ஏணி செய்யத் தொடங்கினாராம். அருமையான மனிதர், ஆனால் கதை என்றால் என்னவென்று தெரியாதவர். விழுந்தவர் செய்த ஏணியை யார் சார் வாங்குவார்கள்?

என் வரியை முதலில் பார்த்தபோது சிரித்தார். "என்னப்பா, என்னைய இப்படி ஏத்திவிட்டுட்டே" என்றார். பதினொரு வருடமும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். போன மாதம், டீலர்கள் கூட்டத்துக்கு முந்தின நாள், சிரிக்காமல் என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு மேடையில உள்ளதைச் சொல்லிடப் போறேன்ப்பா. ஒரு சின்னப் பொண்ணு லெட்டர் போட்டிருக்கு. எங்கப்பாவும் உங்கள மாதிரியே பயப்படாம ஏறுறாருன்னு. ரெண்டு நாளா மனசே சரியில்ல."

"மக கிட்ட சொல்லிட்டீங்களா ஐயா?"

"இல்ல. உன்கிட்டதான் முதல்ல சொல்றேன். உன் வரியாச்சே."

அந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கூடவே மறுநாளையும் யோசித்துப் பார்த்தேன். நாளைக்கு அவர் வாயைத் திறந்தால் எனக்குக் கை தட்டிய அரங்கமெல்லாம் என்னைப் பார்த்துக் கெக்கலிக்கும். ஆனாலும் நான் கோபப்படவில்லை. உதவி செய்யத்தான் நினைத்தேன். ஒரே ஒரு தடவை ஏறிவிட்டால் அது பொய்யே இல்லையே என்று எடுத்துச் சொன்னேன். யோசித்தார், தலையாட்டினார். எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் இருவரும் சோதனைக் கூடத்துக்குப் போனோம். புது மாடல் மடக்கு ஏணி, பத்துப் படி. மணல் மூட்டைகளை நானே இறக்கி வைத்தேன்.

"கெட்டியா பிடிச்சுக்கோப்பா."

"பிடிச்சிருக்கேன் ஐயா. கீழ மட்டும் பாக்காதீங்க."

ஏறினார் சார், எழுபத்தாறு வயதில். ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருமூச்சு. ஆறாம் படியில் நின்றதும் ஜன்னல் வழியே வெளியே பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி சிரித்தார். "டேய், பின்தெரு முழுக்கத் தெரியுதுடா. அந்த டயர் கடைக்காரன் வாயப் பொளந்துக்கிட்டு தூங்குறான் பாரு." என்னை அவர் டேய் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. என் வரி உண்மையாகிவிட்டது.

பிறகு அவர் சொன்னார்: "இதையும் சேர்த்தே நாளைக்குச் சொல்லிடறேன். இத்தன வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் முதல்முதலா ஏறினேன்னு. நல்லா இருக்கும்ல?"

நன்றாக இருக்காது. அது வேறு யாருடைய கதையோ. என்னுடையது இல்லை.

இரங்கல் செய்தியையும் நான்தான் எழுதினேன். ‘கடைசி ஏணியையும் அவரே ஏறிப் பார்த்தார்.’ படித்துவிட்டு மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். "அண்ணா, நீங்க இல்லேன்னா எங்கப்பா யாருன்னே வெளியில தெரிஞ்சிருக்காது" என்றாள். கல்லூரிகளிலிருந்து அழைப்பு மேல் அழைப்பு. நேற்று உங்கள் அறிக்கை வரும்வரை எல்லாம் ஜோராகவே போய்க்கொண்டிருந்தது.

‘ஏணி ஆடியதால் நிலைதடுமாறி விழுந்தார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். போட்டிக் கம்பெனிக்காரன் இன்று காலையே அதை நோட்டீஸ் அடித்துத் தெருத் தெருவாக ஒட்டிவிட்டான். தொழிற்சாலையை மூடிவிடலாமா என்று மகள் கேட்கிறாள். அதனால்தான் நீங்கள் கூப்பிடாமல் நானாகவே வந்தேன். எங்கள் கம்பெனி பேரில் பொய்யாக ஒரு வரி இருப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

தயவுசெய்து திருத்தி எழுதுங்கள். நான் இரண்டு கையையும் எடுத்துவிட்டேன். இரண்டடி பின்னால் தள்ளியும் நின்று பார்த்தேன். ஆறாம் படியில் ஒரு மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தும் ஏணி இம்மிகூட அசையவில்லை. அவர் காலைப் பிடித்து நான்தான் இழுக்க வேண்டியிருந்தது.