ஆயிரத்து எழுநூறு கிலோ

காலையில் எழுந்ததும் காரைத் துடைப்பது என் வழக்கம். காபிகூட அதற்குப் பிறகுதான். கறுப்பு நிற ஜெர்மன் செடான். கிடர்பூர் துறைமுகத்தில் நான் வேலையில் இருந்தபோது, ஊர் மாறிப்போன ஒரு கப்பல் கம்பெனி அதிகாரியிடம் வாங்கினேன். தாரா பிறந்த வருஷம் அது. எடை ஆயிரத்து எழுநூறு கிலோ. கதவைச் சாத்திவிட்டால் எங்கள் பெஹாலா ரோட்டின் பஸ் ஹாரன் எதுவும் காதில் விழாது.

தாரா என் ஒரே மகள். அவள் அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பள்ளிக்கூடம், காலேஜ், எல்லாவற்றுக்கும் அந்தக் காரில்தான் கொண்டுபோய் விட்டேன். பிறகு பிரவீணைக் கல்யாணம் செய்துகொண்டு எங்கள் வீட்டு மாடியிலேயே குடியிருந்தாள். பிரவீண் நல்ல பையன். அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஸார்.

போன துர்கா பூஜைக்கு முன்னால் அவன் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிவந்தான். சிவப்பு நிறம், மடக்குகிற கூரை, இரண்டே சீட்டு.

“ஒரு டன்தான் மாமா. ஸ்டியரிங்கைத் தொட்டாலே திரும்புது,” என்றான்.

ஓட்டிப் பார்த்தேன். நியாயமாகப் பேச வேண்டும். வளைவில் என் கார் சாயும், அது சாயவில்லை. பிக்கப்பிலும் அதுதான் மேல். ஆனால் ரோட்டில் கிடக்கிற ஒவ்வொரு கல்லும் முதுகுத்தண்டில் தெரிந்தது. கதவு பிஸ்கட் டின் மாதிரி இருந்தது. லாரி ஓடுகிற ஊரில் அதையெல்லாம் கார் என்று சொல்ல முடியாது.

தாராவிடம் சொன்னேன். “போங்கப்பா, உங்க கார்ல ஏறினா தூக்கம்தான் வருது. இது தாருண்,” என்றாள். பெங்காலியில் பிரமாதம் என்று சொல்கிறாளாம். ஞாயிறுதோறும் என்னோடு லேக் மார்க்கெட்டுக்கு வந்துகொண்டிருந்தவள், அவனோடு போக ஆரம்பித்தாள். மூன்றாவதாக ஒருவர் உட்கார அதில் இடம் கிடையாது.

நான் முப்பத்தைந்து வருஷம் மெஷின் பார்த்தவன். வாயால் சொல்லிப் புரியாததைச் செய்து காட்டித்தான் எனக்குப் பழக்கம். சின்னதாக ஓர் இடி. பயந்துபோய் விற்றுவிடுவார்கள். அவ்வளவுதான் என் கணக்கு. சனிக்கிழமை மதியம் அவர்கள் தூங்கும்போது பிரேக் குழாயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்திவைத்தேன்.

பிரவீண் தனியாகத்தான் போவான் என்று நினைத்தீர்களா என்று கேட்டீர்கள். இல்லை ஸார். தாராவும் போவாள் என்று தெரியும். புரிய வேண்டியது அவளுக்குத்தானே.

“பின்னாடியே வாங்கப்பா. டயமண்ட் ஹார்பர்ல டீ குடிக்கலாம்,” என்றாள் மறுநாள் காலையில். போனேன். ஜோகா தாண்டியதும் ஒரு மணல் லாரி ஓரமாக நின்றிருந்தது. முன்னால் அவர்கள் காரின் பிரேக் விளக்கு எரிந்தது. வேகம் குறையவில்லை. லாரிக்கு அடியில் பாதி கார் போய்விட்டது. எனக்குச் சத்தம் அதிகம் கேட்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தேன்.

பிரவீணின் கால்கள் மாட்டிக்கொண்டிருந்தன. அவனை எடுக்க ஆட்கள் வர வேண்டியிருந்தது. தாராவை நானே தூக்கிவந்து என் பின்சீட்டில் படுக்கவைத்தேன்.

அந்த சீட்டில் இருந்த ரப்பர் விரிப்பை எப்போது போட்டேன் என்பதுதான் உங்கள் கடைசிக் கேள்வி. சனிக்கிழமை சாயங்காலமே போட்டுவிட்டேன். அசல் தோல் சீட்டு. ரத்தம் பட்டால் கறை போகாது.

ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. லாரிக்கு அடியிலேயே உயிர் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வழி நெடுக அவளிடம் பேசிக்கொண்டே வந்தேன். ஒரு குலுக்கல் தெரிகிறதா பார், ஒரு சத்தம் கேட்கிறதா பார் என்றேன். இந்தத் தடவை அவள் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.