மூன்றாம் நாள் என்பது எந்த நாள்?

அவைத் தலைவர் ஐயா அவர்களே, ரப்பர் ஆய்வுக்காக நான்கு நாடுகளிலிருந்து வந்திருக்கும் அறிஞர்களே, காலையில் ரப்பர் மரங்களில் பால் வெட்டி முடித்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் களைத்த குரலில் என் வணக்கம்.

பன்னிரண்டு ஆண்டுகள். எத்தனை கடிதங்கள், எத்தனை கருத்தரங்குகள், எத்தனை கைகுலுக்கல்கள்? இலை உதிர்வு நோயைத் தாங்கும் ஒரு புது ரகத்துக்காக ஒரு நாடு ஒட்டுக்கட்ட மொட்டு தந்தது, ஒரு நாடு கன்று வளர்த்தது. கன்று வளர்த்த அவர்கள் தங்கள் தோட்டத்திலும், நாங்கள் இங்கேயும் பால் வெட்டிப் பார்த்தோம். அங்கே பால் பெருகியது. இங்கே பட்டை மரத்துப்போய்ப் பால் நின்றது. மண் சரியில்லை என்றோம், மழை சரியில்லை என்றோம், கடைசியில் மரமே சரியில்லை என்று எழுதிவிட்டோம். இந்த ரகத்தைக் கைவிட்டு மரங்களை வெட்டிச் சாய்க்கும் அறிக்கைதான் இன்று மேசைமேல் இருக்கிறது.

போன வாரம் அவர்கள் அனுப்பிய படங்களை நம் தோட்டத்தில் பால் வெட்டும் அக்காவிடம் காட்டினேன். பால் பிடிக்கும் கோப்பைகளில் வெட்டிய தேதி எழுதியிருந்தது. ஒன்று, நான்கு, ஏழு.

"ஏம்மா, நாம ஒண்ணு, மூணு, அஞ்சுன்னு வெட்டுறோமே. நம்ம மரத்துக்கு மட்டும் ஏன் ஒரு நாள் லீவு கம்மி?"

"மூணாம் நாள்தானே அக்கா?"

"எந்த மூணாம் நாள்? வெட்டுன நாளையும் சேர்த்தா, சேர்க்காமலா?"

பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. 'மூன்றாம் நாள்தோறும் வெட்டுக' என்று கூட்டுத் திட்டத்தைத் தமிழாக்கியவள் நான். இரண்டு நாள் ஓய்வு என்பது அவர்கள் கணக்கு. வெட்டிய நாளையும் சேர்த்து எண்ணுவது நம் வழக்கம். ஒரே நாள் ஓய்வில் வெட்டி வெட்டித்தான் நம் பட்டை மரத்துப்போனது.

"இவ்வளவு நாளா ஏன் கேக்கல?" என்றேன்.

"எங்கிட்ட யாரு படம் காட்டுனா?" என்றார் அக்கா.

நாடும் நாடும் பேசினோம், நிபுணரும் நிபுணரும் பேசினோம். கத்தி பிடிக்கும் கையும் கத்தி பிடிக்கும் கையும் ஒருநாளாவது பேசியதா? அது பேசாத வரை எதற்கு ஒப்பந்தம், எதற்கு ஒத்துழைப்பு?

தலைவர் மணி அடிக்கிறார். முடிக்கிறேன், ஐயா.

அந்த அறிக்கையின் முதல் கையெழுத்து என்னுடையது. அதை இந்த மேடையிலேயே திரும்பப் பெறுகிறேன். பிழை என்னுடையது, மரத்தினுடையது அல்ல. பழுதில்லாத பட்டையில், சரியான இடைவெளியில், இன்னும் இரண்டு ஆண்டுகள் வெட்டிப் பார்க்க அனுமதி தாருங்கள். இம்முறை நம் அக்கா அந்த நாட்டுத் தோட்டத்துக்குப் போகட்டும், அவர்களுடைய வெட்டுக்காரர் இங்கே வரட்டும். என் வேலை போகலாம். போகட்டும். அந்த மரங்கள் நிற்கட்டும்.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நன்றி. தாய்மார்களே, இன்று வெட்டிய மரங்களுக்கு நாளையும் ஓய்வு, நாளை மறுநாளும் ஓய்வு. வணக்கம்.