கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல

...நான் ஒண்ணும் உங்க வீட்ட எட்டிப் பாக்கலம்மா! அப்படி நினைச்சுக்கிட்டு உள்ள போயிடாதீங்க. எட்டிப் பாக்கறவ இப்படியா மண்டி போட்டு, ரெண்டு கம்பிக்கு நடுவுல தலைய மட்டும் வெளிய நீட்டிக்கிட்டுப் பாப்பா? மாட்டிக்கிட்டு இருக்கேன். ஆமா, தலைதான். போறப்ப போயிருச்சு, திரும்ப வர மாட்டேங்குது. காது ரெண்டும் தடுக்குது. இருபது நிமிஷமாச்சு. எல்லாம் அந்த வெல்டர் பண்ண வேலை!

நீங்கதானே நாலு நாளைக்கு முன்னாடி பக்கத்துல குடி வந்தவங்க? நானே வந்து பேசணும்னு இருந்தேன். இந்தக் கோலத்துல பேசணும்னு இருந்திருக்கு. தையல்காரம்மான்னு கேட்டா இந்தத் தெருவுல யாரு வேணாலும் சொல்லுவாங்க, முன் ரூம்ல மெஷின் போட்டிருக்கேன். நீங்க பாட்டுக்குத் துணியக் காயப் போடுங்க, எனக்கு ஒண்ணும் அவசரம்... அவசரம் இருக்கு, ஆனா நீங்க போடுங்க. அந்த நீலச் சட்டை உங்க வீட்டுக்காரரோடதா? தோள்பட்டை ஒரு இஞ்ச் எறங்கிக் கெடக்கே, யாரு தைச்சா? சரி, அது அப்புறம்.

வெல்டர். அதைத்தானே சொல்ல வந்தேன். நான் மண்டி போட்டிருக்கேனே, இந்த மரத்தளம், இது போன வருஷம் போட்டது. பின்கதவத் தொறந்தா கால் இதுலதான். தரையிலேர்ந்து ஆறடி ஒசரம். சுத்தி ஒரு கயிறு கட்டி வச்சிருந்தேன், அவ்வளவுதான். ஒத்தையா இருக்கறவளுக்கு எதுக்குக் கைப்பிடி? நான் என்ன உருண்டு விளையாடவா போறேன்?

என் தம்பி பொண்டாட்டி இருக்காளே... அவளுக்கு லிப்ட் சோதனை பண்ற ஆபீஸ்ல வேலை. ஒரு லிப்ட்டுல எத்தன பேர் ஏறலாம், எது அறுந்து விழும், எது விழாது, இதான் நாள் முழுக்க. கல்யாணத்தன்னைக்கு மேடையில எல்லாரும் போட்டோவுக்கு நிக்கறோம், கல்யாணப் பொண்ணு குனிஞ்சு மேடைக்கு அடியில பாக்கறாம்மா! "இது எத்தன பேரத் தாங்கும்?"னு கேட்டு, எங்க பெரியப்பாவ எறங்கச் சொல்லிட்டா. அன்னிக்கு எறங்குன மனுஷன் இன்னும் எங்க வீட்டுப் பக்கம் ஏறல.

அவளுக்கு ஒரு பையன். ஒன்பது மாசம். உருண்டைன்னு கூப்பிடுவோம்... பாத்தா நீங்களும் அப்படித்தான் கூப்பிடுவீங்க. திங்கக்கிழமையிலேர்ந்து அவ ஆபீசுக்குப் போகணும். புள்ளைய யார் பாத்துக்கறது? சொந்த அத்தை நான் இருக்கேன், வீட்டுலயே இருக்கேன். காப்பகத்துல விடப் போறேங்கறா! ஏன்னு கேட்டா இந்தத் தளத்தக் காட்டறா. போன மாசம் வந்து, கைப்பையிலேர்ந்து ஒரு பந்து எடுத்தாம்மா. லிப்ஸ்டிக் இல்ல, சீப்பு இல்ல, பந்து! "அண்ணி, கம்பி போடுங்க. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல இந்த நாலு இஞ்ச் பந்து நுழையக் கூடாது. நுழைஞ்சா புள்ளைக்கு மொதல்ல காலு போகும், அப்புறம் உடம்பு போகும், தலை மட்டும் மாட்டிக்கும், கழுத்துல தொங்கிருவான்"னு சொல்றா. காபி குடிச்சுக்கிட்டே சொல்றா! எனக்குக் காபி எறங்கல.

இன்னிக்கு நாலு மணிக்கு வந்து பாக்கறேன்னா. சரியா இருந்தா புள்ள என்கிட்ட, இல்லேன்னா காப்பகம்... இந்த வீட்டுல மெஷின் சத்தத்தத் தவிர வேற சத்தம் கேட்டு எத்தன வருஷமாச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க வந்து நாலு நாள்தானே ஆச்சு.

அதனால வெல்டரக் கூப்பிட்டு, அளவ சீட்டுல எழுதிக் குடுத்தேன். வாயால சொன்னா மறந்துருவாங்கன்னு எழுதியே குடுத்தேன். காலையில வந்து கம்பி வச்சு, பெயிண்ட் அடிச்சு, சீட்டையும் கையில குடுத்துட்டுப் போயிட்டான். டேப்ப வச்சுப் பாக்கறேன்... ஆறு இஞ்ச்! போன் பண்ணிக் கேட்டா, "சீட்டப் பாருங்கக்கா"ங்கறான். நான் எழுதுனத நானே எதுக்குப் பாக்கணும்? சீட்டு இங்கதான், நைட்டிப் பையில மடிச்சபடியே இருக்கு. அவ வரட்டும், இதைக் காட்டி அவன் மானத்த வாங்கறேன்.

தலைய ஏன் விட்டேன்னு கேக்கறீங்களா? நியாயமான கேள்வி. உருண்டையோட தலைய நான் டேப் வச்சுச் சுத்தி அளந்திருக்கேன், பதினெட்டு. என் தலை இருபத்தொண்ணு. எங்க வம்சத்துக்கே தலை கொஞ்சம் பெரிசு, பொறக்கறப்பவே பாதி வளந்துதான் வரும். மூணு இஞ்ச் வித்தியாசத்த நாலு பக்கத்துக்குப் பிரிச்சா பக்கத்துக்கு முக்கால் இஞ்ச். முக்கால் இஞ்செல்லாம் ஒரு வித்தியாசமா? அப்ப என் தலை நுழையலேன்னா அவன் தலையும் அநேகமா நுழையாது. அவ கேட்டா, "நானே தலைய விட்டுப் பாத்துட்டேன்"னு அடிச்சுச் சொல்லலாம்... சிரிக்காதீங்கம்மா. கணக்கு சரிதான். தலைதான் தப்பு.

மணி என்ன ஆச்சு? மூணே முக்காலா! ஐயய்யோ... ஏம்மா, ஒரு உதவி. அந்த நீலச் சட்டைய நான் சும்மாவே பிரிச்சுத் தைச்சுத் தரேன். கொஞ்சம் எண்ணெய் எடுத்துக்கிட்டு வந்து காதுல தடவி விடுங்களேன். வாசக்கதவு தொறந்துதான் இருக்கும், நேரா பின்னால வந்துரலாம். போங்க, போங்க. எந்த எண்ணெயா இருந்தாலும் சரி.

...போயிட்டாங்க. நல்ல பொண்ணு. குறுக்க ஒரு வார்த்த பேசல.

...அடேயப்பா, அதுக்குள்ள வந்துட்டீங்களா! பின்னால யாருன்னு பாக்கக்கூட முடியல, திரும்புனா கழுத்து இடிக்குது. ஆ... மெதுவா. காதுக்குப் பின்னால. நல்லா தடவுறீங்களே, கையில பக்குவம் இருக்கு. இது என்ன எண்ணெய், குழந்தைங்களுக்குத் தேய்க்கற வாசன வருது? உங்களுக்கும் சின்னப் புள்ள இருக்கா?

ஒண்ணு கேட்டுக்கங்க. நான் வெளிய வர்றதுக்குள்ள அவ வந்துட்டான்னா, நான் ஏதோ செடி பாத்துக்கிட்டு இருக்கேன்னு சொல்லிடுங்க. பூச்சி விழுந்திருக்குன்னு சொல்லுங்க. நம்ப மாட்டா, பரவால்ல, சொல்லி வைங்க. அவ சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லம்மா. அவ எப்பவும் சரியாத்தான் சொல்லுவா. அதுதானே எரிச்சல்! ஒரு நாளாவது தப்பா ஏதாவது சொன்னா, கட்டிப் புடிச்சு ஒரு முத்தம் குடுத்திருப்பேன். காப்பகம்னு அவ சொன்ன அன்னிக்கு, நான் ராஜினாமா குடுத்தவ மாதிரி மெஷின மூடி வச்சுட்டு உக்காந்திருந்தேன். தம்பிகிட்டகூட சொல்லல. உங்ககிட்ட சொல்றேன், நீங்க வெளி ஆளு.

சரி, அந்தச் சீட்ட எடுங்க, வலது பக்கப் பை. படிங்க... சத்தமா படிங்களேன். ஏன் இப்படி ஊமையா நிக்கறீங்க? சரி, அடுத்த கம்பி வழியா கைய நீட்டிக் காட்டுங்க, நானே படிக்கறேன். இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். ஆங்.

நாலு. பாத்தீங்களா, நாலு! கீழ... ஒண்ணு. "தையலுக்கு." அதுக்குக் கீழ இன்னொரு ஒண்ணு. "லூஸ்." கோடு போட்டு... ஆறு.

...

ஆறுக்குக் கீழ ரெண்டு கோடு. ரெண்டு கோடு நான்தான் போடுவேன்.

முப்பது வருஷமாம்மா... ஒரு அளவ அந்த அளவாவே எழுதுனதே இல்ல. பக்கத்துக்கு அரை இஞ்ச் தையலுக்கு, அரை இஞ்ச் லூஸுக்கு. உடம்பு ஒண்ணு சொல்லும், கை தானா கூட்டி எழுதும். இரும்புக் கம்பிக்குத் தையல் விட்டிருக்கேன் நான்! நாளைக்கு அது குண்டாயிட்டா பிரிச்சு விட்டுக்கலாம்னு லூஸ் வேற! அந்த வெல்டர் பாவம், சீட்டப் பாருங்கக்கான்னுதானே சொன்னான், அவன என்னென்ன கேட்டேன்...

இருங்க. கீழ யாரு அது?

ஏம்மா... நீங்க ஏன் இப்பதான் உங்க சமையக்கட்டுலேர்ந்து வெளிய வர்றீங்க? கையில என்ன, எண்ணெய் பாட்டிலா? இன்னும் நீங்க இங்க வரவே இல்லையா?

அப்ப... என் காதுல யாரோட கை?

...

எவ்வளவு நேரமா நிக்கறே? செடி பாக்கறேன்னு சொன்னதிலேர்ந்தா? அதுக்கும் முன்னாடி, நான் எண்ணெய் கேட்டப்பவேவா! நாலு மணின்னா நாலு மணிக்கு வர வேண்டியதுதானே, எதுக்குச் சீக்கிரம் வந்தே? சரி, சிரிச்சுக்கோ. உனக்கு உரிமை இருக்கு. உருண்டை எங்கே? கதவுக்கு உள்ள விட்டுட்டு வந்தியா? அவன் விட்ட எடத்துல இருக்கற...

ஏய். என் கன்னத்துக்குப் பக்கத்துல ஒரு காலு தெரியுது.

சின்னக் காலு. சிரிக்காதடி, பாரு! அடுத்த கம்பியில காலு போட்டிருக்கான்! இன்னொரு காலும் வந்துருச்சு! புடி, புடி அவன! கையில எண்ணெயா? வழுக்குதா? நான் புடிக்கறேன், என் கை உள்ளதானே இருக்கு... சட்டையப் புடிச்சுட்டேன். நான் தைச்ச சட்டை, கிழியவே கிழியாது... ஐயோ, லூசா தைச்சுத் தொலைச்சிருக்கேனே, கழண்டு கையோட வருதே! தொப்பை வரைக்கும் போயிட்டான்! இடுப்பப் புடி! முந்தானையில கையத் துடைச்சுட்டுப் புடி! ஆங்... அப்படித்தான்... தூக்கு. தூக்கிட்டியா? நெஞ்சோட புடிச்சுக்கோ. அவன் சிரிக்கறானா? சிரிப்பான், அவனுக்கென்ன.

...இந்தா, அவன் சட்டைய வாங்கிக்கோ.

வேண்டாம்மா. நான் சொல்றேன், திங்கக்கிழமை காப்பகத்துலயே விடு. இந்தக் கம்பி இருக்கற வரைக்கும் இந்த வீட்டுல அவன எறக்கி விடாதே. நான் கேட்டாலும் விடாதே, அழுதாலும் விடாதே. நான் நல்லா அழுவேன், ஏமாந்துராதே.

என்ன? லீவா? ஒரு வாரம் லீவு போடறியா? கம்பி மாத்தற வரைக்கும்... அதுக்கு அப்புறம் என்கிட்டயா?

நிஜமாத்தான் சொல்றியா? என் மொகத்தப் பாத்துச் சொல்ல முடியாதுதான், பரவால்ல, முதுகப் பாத்தே சொல்லு.

ஏம்மா, கீழ நிக்கறவங்களே, நீங்களே சாட்சி! எண்ணெய் இனிமே வேண்டாம், அந்த வெல்டருக்கு ஒரு போன் போடுங்க, அறுக்கற மெஷினோட வரச் சொல்லுங்க. அக்கா மன்னிப்புக் கேட்டாங்கன்னும் சொல்லுங்க. புது அளவுக்குச் சீட்டு எழுதணும். நாலுதான். நாலு தாண்டக் கூடாது. கீழ ஒண்ணும் கிடையாது, கூட்டல் கிடையாது...

இல்ல, நீயே எழுதிடு. என் கையில பென்சில் குடுத்தேன்னு வச்சுக்கோ, நான் ஏதாவது விட்டுருவேன்.