முழு சார்ஜ்

செங்கல்பட்டுப் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் இரண்டு இளைஞர்கள். ஜன்னலோரம் இருந்தவன் மடியில், அலைச்சறுக்குப் பலகைக்கு அடியில் மாட்டும் சின்ன மோட்டார்.

"இத கடல்லயே வுட்டுருக்கலாம் மச்சான்" என்றான் அவன்.

"உங்கண்ணன் ஆசயா வாங்குனதுடா. பலகை தண்ணிக்கு மேல எழும்பிப் பறக்கும்னு சொல்லிகினே இருப்பான்."

"பறந்துச்சி. ரொம்ப தூரம் பூட்டான். பேட்டரி நின்னுடுச்சி. அந்தப் பலக சின்னது, மோட்டார் ஓடலன்னா ஆளத் தாங்காது. பலகதான் கரைக்கு வந்துச்சி."

"முழு சார்ஜ் போட்டுதான போனான்?"

திருக்கழுக்குன்றம் ஸ்டாப் தாண்டியதும் ஜன்னலோரம் இருந்தவன் மடியிலிருந்த மோட்டாரைத் திருப்பி வைத்தான்.

"அவன் போட்டுட்டுதான் தூங்குனான். நான்தான் அதப் புடுங்கிட்டு என் போன சொருவுனேன்."

"வூட்ல தெரியுமா?"

"கரண்ட்டு போனதாலதான் சார்ஜ் ஏறலன்னு அம்மா நெனச்சிகினு கீது. லைன்மேனப் பாத்தா சாபம் வுடுது. நானும் கூட சேந்து திட்டுறேன்."