கொழும்புக்குப் போய் வந்த இரத்தம்

முல்லைத்தீவு பஸ்ஸில் எனக்கு முன்னால் கைக்குழந்தையோடு ஒருத்தி இருந்தாள். பக்கத்தில் அவளுடைய கணவனின் தங்கை.

"பிள்ளையின்ர இரத்தம் கொழும்புக்குப் போய் வந்திட்டுது, மச்சாள்."

"என்னவாம்?"

"மேகநோய், அந்தப் பால்வினை நோய், இல்லையாம். வயித்தில பிள்ளையோட எனக்கு மலேரியாக் காய்ச்சல் வந்ததெல்லே, அதாலதான் இங்க செய்த சோதனை நோய் இருக்கெண்டு பிழையாக் காட்டினதாம்."

தங்கைக்காரி அவள் பக்கம் திரும்பினாள்.

"அண்ணை, வேற ஆம்பிளையாலதான் உங்களுக்கு அந்த நோய் வந்தது எண்டு சந்தேகப்பட்டுத்தானே வீட்டை விட்டுப் போனவர். சொன்னா வருவார்."

"பிள்ளைக்கு நோயில்லை எண்டு சொல்லுங்கோ."

"வரச் சொல்லட்டே?"

அவள் குழந்தையின் கையில் ஊசி குத்திய இடத்தைத் தடவினாள்.

"வேண்டாம். டொக்டர் சோதிக்கிறதுக்கு அவரிட்டையும் இரத்தம் கேட்டவர். குடுக்காமல்தானே போனவர்."