பாரிஸில் பிள்ளை இருக்க ஹோட்டல் எதற்கு?

மட்டாஞ்சேரி படகு ஜெட்டியில் எர்ணாகுளம் போகும் போட்டுக்கான வரிசை. எனக்கு முன்னால் ஒரு மன்னியும் அவருடைய நாத்தனாரும்.

"பெத்த பிள்ளை பாரிஸ்ல இருக்கான், நீங்க ஹோட்டல்லயா தங்கப்போறேள்?" என்றார் நாத்தனார். வரிசையே திரும்பிப் பார்த்தது.

"அவன்தான் சொல்றான். அவன் ஃபிளாட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி நல்ல ஹோட்டலாம்."

"ஏன் மன்னி, ஏதாவது வழக்கா, சண்டையா?"

"ஒரு வழக்கும் இல்ல, கேட்டோ. குக்கர் கொண்டுவரேன், ஹால்லயே படுத்துக்கறேன்னு சொல்லிப் பார்த்தேன். 'வேண்டாம்மா, ராத்திரி பூரா குழந்தை அழும், நீ தூங்க முடியாது'ங்கறான்."

"பக்கத்து ஃபிளாட் குழந்தையா?"

"நானும் அப்படித்தான் நினைச்சுக் கேட்டேன். 'இல்லம்மா, என் குழந்தைதான்'னான்."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டார். போட் வந்து நின்றது. எங்களில் யாரும் நகரவில்லை.

"ஈஸ்வரா! அவனுக்குக் கல்யாணமே ஆகலையே! அந்தப் பாலக்காட்டுப் பொண்ணு ஜாதகம்?"

"பையிலதான் இருக்கு. காலம்பறதான் ஜோசியரைப் பார்த்தேன். எல்லாப் பொருத்தமும் அமோகமா இருக்காம்."

"பின்னே?"

"இவனுக்குப் புத்திர பாக்கியம் மட்டும் கொஞ்சம் தாமசமாகுமாம்."